ஆடு தின்ற புண்ணியம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பம் என்று இருந்தது எங்களுடையது மட்டும்தான். அதனால் திருவருகைக் காலம் வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த லயத்து வரிசை வீடுகளில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீடு வேறு கிடையாது. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளில் நான்கை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி நிறுத்துவது அப்பாவின் ஏற்பாடு. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவோம். ஜன்னலில் எட்டிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை அது.

அதைவிடப் பெரிய விஷயம் தீவனத்தொட்டி. பால் டின் வந்த மரப்பெட்டி ஒன்றை அம்மா சாமி படத்துக்குக் கீழே வைப்பார். குழந்தை இயேசு படுக்கப் போகிற தொட்டி அது, காலியாகத்தான் தொடங்கும். அன்றன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தவர், அல்லது ஆசைப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுத்தவர், சாயங்கால ஜெபம் முடிந்ததும் அதில் காரியத்துக்கு ஓர் இலை புல் போடலாம். வைக்கோலுக்கு நாங்கள் எங்கே போவது? தோட்டம் முழுக்க லாலான் புல்தான் மண்டிக் கிடந்தது. நான்கு வாரத்தில் அதிக இலை போட்டவருக்குத்தான் குழந்தை இயேசுவைத் தொட்டியில் கிடத்துகிற உரிமை. முந்தைய வருஷம் அது அண்ணனுக்குப் போயிருந்தது.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். சைக்கிளில் வருகிற ஐஸை விட்டுக்கொடுத்தேன். கருவாட்டின் பெரிய துண்டை அண்ணன் தட்டுக்குத் தள்ளினேன். அவன் வேண்டாம் என்றபோது அதட்டித் தின்ன வைத்தேன். போட்ட இலைக்கெல்லாம் சுவரில் கரிக்கோடு இழுத்தேன். அப்பா நாளுக்கு ஒன்று போடுவார். அம்மா மட்டும் ஒன்றுகூடப் போடவில்லை. எங்களையெல்லாம் வரிசையாகக் கேட்பவர், தன் முறை வரும்போது விளக்குத் திரியைச் சரிசெய்யப் போய்விடுவார். அம்மாவையே தோற்கடித்துவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து வீட்டில் பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அவருக்குப் பிள்ளை கிடையாது. ஓர் ஆடு இருந்தது. அதற்குக் கழுத்தில் மணி, நெற்றியில் பொட்டு, காலையில் தேநீரில் தோய்த்த ரொட்டி. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில் காயப் போட்டிருந்த அம்மாவின் கல்யாணச் சேலையில் முந்தானையை அந்த ஆடு தின்றுவிட்டது. அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார். கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்: "புள்ள பெத்திருந்தா அடக்கி வளக்கத் தெரிஞ்சிருக்கும்."

பெரியம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரத் தட்டு எங்களுக்கு வரவில்லை. எனக்கு முறுக்குப் போன வருத்தம்.

டிசம்பர் முழுக்க மழை. தொட்டியிலிருந்த புல்லில் பூஞ்சை வாடை அடிக்கத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் பளிச்சென்று வெயில் வந்தது. தொட்டியை வெளியே வைத்து உலர்த்தினால் அதுவும் ஒரு நல்ல காரியம்தானே என்று எனக்குத் தோன்றியது. ஏற்கெனவே அண்ணனைவிடப் பதினோரு இலை முன்னால் இருந்தேன், பன்னிரண்டானால் கசக்குமா? தொட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, இந்த நல்ல காரியத்தைப் பற்றிச் சொல்லக் குழாயடிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது தொட்டிக்குள் ஆட்டின் தலை இருந்தது. நான்கு வாரப் புண்ணியத்தில் ஓர் இலை மிச்சமில்லை.

லயமே கூடும்படி அழுதேன். அழுதுகொண்டே பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் ஆடு இயேசு சாமியின் படுக்கையைத் தின்றுவிட்டது என்று முறையிட்டேன். என்ன படுக்கை, என்ன புல் என்று அவர் பொறுமையாகக் கேட்டார். விக்கலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன்.

சாயங்காலம் நாங்கள் டவுன் தேவாலயத்துப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்தார். கை நிறைய லாலான் புல். கழுவி, அடுப்போரத்தில் உலர்த்தியிருந்தார். விரலெல்லாம் புல் அறுத்த கீறல். படியேறாமல் கீழேயே நின்றார்.

"என் ஆடுதானே தின்னுச்சு. சின்னப் புள்ள படுக்கணுமாமே, அதான் கொண்டாந்தேன்."

அம்மா படியிறங்கி அவர் அருகில் போனார். "உள்ள வாங்கக்கா," என்றார். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எம்மேலதான் தப்பு."

பெரியம்மா உள்ளே வந்து தொட்டியில் புல்லைப் பரப்பினார். ஒரு காரியத்துக்கு ஓர் இலைதான், இப்படிக் கட்டுக்கட்டாகப் போடக் கூடாது என்று நான் சட்டம் பேசினேன். யாரும் காதில் வாங்கவில்லை. தரையில் சிதறியிருந்த ஓர் இலையை அம்மா பொறுக்கி எடுத்து, தன் கையால் தொட்டியில் போட்டார். அந்த வருஷம் அவர் போட்டது அது ஒன்றுதான்.

பிறகு அம்மா துணியில் சுற்றி வைத்திருந்த குழந்தை இயேசுவை எடுத்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அம்மா என்னைத் தாண்டிப் போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.

"நீங்களே படுக்க வைங்கக்கா."

பெரியம்மா உடனே படுக்க வைக்கவில்லை. கையளவு சாந்துப் பொம்மைதான் அது. அதன் தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். நான் சுவரிலிருந்த கரிக்கோடுகளைக் காட்டி வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார்.

பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் அம்மாவைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், அந்த ஒற்றை இலையைத்தான் சொல்வேன். அதைப் போட அவருக்கு நான்கு வாரம் பிடித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எழுபது இலை போட்டவள் நான், குழந்தை போனது வேறு கைக்கு என்பதுதான்.