லாரி வராத சாலை

காலை ஏழடிக்கச் சற்று முன்பு தங்கையின் கைப்பேசி அடித்தது. கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்புவதற்காக அவள் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பேசியவர் கல்குவாரியின் லாரி ஓட்டுநர் ஒருவர்.

"தராசு அக்காவோட தங்கச்சிங்களா? கொஞ்சம் சீக்கிரம் வரணும்மா. எடைமேடையில வண்டியை ஏத்திட்டு ஹாரன் அடிச்சேன். எப்பவும் 'காது கேக்குதுடா'ன்னு திட்டுவாங்க. இன்னைக்குத் திட்டலை. நாற்காலியில உக்காந்தபடியே…"



தங்கை அதே சைக்கிளில் ஏறினாள். குவாரிச் சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரங்கட்டி நின்றன. எல்லாம் இன்ஜினை அணைத்து நின்றவை. ஓட்டுநர்கள் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். நடுவில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வழியிலிருந்த பழைய பாலத்தை இடித்துக் கட்டிய நாட்களுக்குப் பிறகு அவள் அந்தச் சாலையை அப்படிப் பார்த்ததில்லை.

குவாரி வாசலில் லாரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கொடுப்பது அக்காவின் வேலை. கணவர் போனபின் சேர்ந்தவள், தலை முழுக்க நரைத்த பிறகும் அந்தக் கண்ணாடிக் கூண்டை விடவில்லை. எடை கூடிவிட்டதென்று யாராவது வாதாடினால், "கல்லு சரியாத்தான் இருக்கு. நீ குளிச்சிட்டு வா, குறையும்" என்பாள். அவர்களும் சும்மா விடமாட்டார்கள்.

"இத்தனை லாரியை அடக்குற அக்காவுக்கு ஒரு சைக்கிளை அடக்கத் தெரியலையே!"

"நமக்கு எப்பவும் நடராஜா சர்வீஸ்தாண்டா. டீசல் விலை ஏறினாலும் கவலை இல்லை."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் தங்கைக்குத் தெரியும். சிறுவயதில் வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். பள்ளிக்கூடம் போகிறவளுக்குத்தான் அது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா படுத்த படுக்கையானதால் அக்கா அதற்குள் படிப்பை நிறுத்தியிருந்தாள். தங்கை பழகிய நாட்களில் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடியவள் அக்காதான். தான் ஒருநாளும் ஏறாத வண்டியை அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பிறகு கல்யாணம், வேலை, வாசலைத் தாண்டினால் லாரி. ஆசை மட்டும் ஒரு மூலையில் கிடந்தது.

பாலத்தை இடித்ததும் குவாரிச் சாலையைத் தார் டிரம்களால் அடைத்தார்கள். லாரிகள் குவாரியின் இன்னொரு வாசல் வழியாகப் பெரிய சாலையில் சுற்றிப் போயின. அக்காவின் எடைமேடைக்கு வேலை இல்லை. தினமும் பெரிய சாலையில் போய்வரும் தங்கை அந்த லாரிகளுக்குப் பயந்து குவாரிச் சாலைக்கு மாறினாள். பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தால், இந்தப் பக்கம் அக்கா வீட்டு வாசல்.

ஒரு சாயங்காலம் அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி, ரோட்டுல ஈ, காக்கா இல்லை. எனக்குக் கத்துக் குடேன்."

"இந்த வயசுலயா? விழுந்தா எலும்பு கூடுமா?"

"விழாம பிடிக்கத்தானே நீ இருக்கே? பாலம் திறக்கறப்போ அவனுங்க முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டணும்டி. அத்தனை பேரும் வாயைப் பிளக்கணும்."

அன்றிலிருந்து கேரியரைப் பிடித்துக்கொண்டு தங்கை ஓடினாள்.

"கீழ பாக்காதே, தூரமா பாரு!"

"அது நான் உனக்குச் சொன்னதுடி. எனக்கேவா?"

தங்கை நெட்டை, அக்கா குட்டை. சீட்டில் உட்கார்ந்தால் அக்காவின் கால் தரைக்கு எட்டாது. அந்தப் பயத்தில் பிடியை விடவே சம்மதிக்கமாட்டாள். ஒருநாள் தங்கை சொல்லாமல் விட்டுவிட்டாள். அக்கா நேராகப் போனாள். டிரம்கள் வரைக்கும் போனாள். நிறுத்தக் கால் எட்டாமல் பக்கத்திலிருந்த மணல் குவியலில் சாய்ந்தாள். தலையெல்லாம் மணலோடு எழுந்து சிரித்தாள்.

"பாத்தியா, ஓட்டிட்டேன்! நிறுத்தத்தான் தெரியலை. இந்தச் சீட்டை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடு. கால் ஊணிக்கிட்டா நானே போயிடுவேன்."

"நாளைக்கு ஸ்பானர் கொண்டு வர்றேன்க்கா."

கடையில் நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிகளுக்குக் கடுகளவு திருகாணிகளை முடுக்குகிறவள், ஒரு ஸ்பானரை எடுத்துவர மறந்தாள். மறுநாளும் மறந்தாள். கொண்டுவந்த அன்று வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நட்டில் ஸ்பானரை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"இப்ப இறக்கினா மறுபடி ஏத்தணும்க்கா. எனக்கு முட்டி இடிக்கும், நான் வீடு போய்ச் சேரணும்ல? ஞாயித்துக்கிழமை சாவகாசமா பாத்துக்கலாம்."

அக்கா சீட்டை ஒருமுறை தட்டினாள்.

"சரி, விடு."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பாலம் திறந்துவிட்டது. டிரம்கள் போயின, லாரிகள் வந்தன. அக்கா கூண்டுக்குத் திரும்பினாள், தங்கை பெரிய சாலைக்குத் திரும்பினாள். எப்போதாவது போனில் பேசும்போது, "அடுத்த தடவை ரோட்டைத் தோண்டட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்பாள் அக்கா. தங்கையும் சிரிப்பாள். சீட்டை இறக்கி, மறுபடி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அப்போதெல்லாம் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோனபின், போன் செய்த ஓட்டுநர் தங்கையின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தனியா சைக்கிள் ஓட்டிட்டேன்டான்னு அக்கா சொன்னாங்க. நாங்க நம்பலை. கேலி பண்ணினோம். நெசமாம்மா?"

"நெசந்தான். டிரம் வரைக்கும் ஓட்டினா. யாரும் பிடிக்கலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாத்திருக்கலாம்" என்றார்.

அவர் கையிலிருந்து தங்கை சைக்கிளை வாங்கிக்கொண்டாள். ஸ்பானர் அன்று போட்ட இடத்திலேயே, முன்கூடையில் அவள் கைப்பைக்கு அடியில் கிடந்தது. சீட்டு அதே உயரத்தில் இருந்தது.