பச்சை மேப்பும் பன்னிரண்டு சிம்மும்

இன்று உடுமலையில் ஒரு செல்போன் கம்பெனியின் கடைக்குப் போய், பன்னிரண்டு சிம்களை மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் கட் பண்ணச் சொன்னேன்.

"என்ன காரணமுங்க அக்கா?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"சிக்னல் இல்லீங்க."

"எங்க சிக்னல் மேப்புல உங்க ஊரு பச்சையா இருக்குதுங்களே. அந்தக் காரணத்த சிஸ்டம் எடுத்துக்காதுங்க. வெளியூர் போறீங்கன்னு போட்டுறட்டுங்களா?"

மலையடிவாரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. மண்ணின் ஈரத்தைச் சொல்லும் கருவிகளைப் பதித்து, தகவல் எங்கள் போனுக்கு வர ஒவ்வொன்றிலும் ஒரு சிம் போட்டிருந்தோம். போன கோடையில் தெற்குப் பக்கம் காய்ந்ததை ஒரு கருவியும் சொல்லவில்லை. குருத்து வாடிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இப்போது கருவிகளுக்கு சிம் கிடையாது. தினமும் காலையில் நான் ட்ரோனைப் பறக்கவிடுகிறேன். அது தோப்புக்கு மேலே போய், ஒவ்வொரு கருவியிடமும் தகவலை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

"என்ற வீட்டுக்காரர் தோப்புலதான் இருக்கறாரு. இப்பவே கூப்புட்டுப் பாருங்க" என்றேன் கவுண்டரில் இருந்தவரிடம்.

கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அவர்கள் கம்பெனிக் குரலே சொன்னது.

"இருந்தாலும் வெளியூர்னு போட்டாத்தானுங்க வேலை நகரும்."

"நான் எதுக்குங்க ஊரை விட்டுப் போகோணும்? வராதது உங்க சிக்னல்."

கடைசியில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, 'சிக்னல் இல்லை' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, சிம்களோடு வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் ஊரும் மேப்பில் பச்சையா? கீழே சொல்லுங்கள். சிக்னல் கிடைக்கும்போது சொன்னால் போதும்.