வடக்கைத் தாண்டிய ரொட்டேட்டர்

எங்கள் பாண்டிச்சேரிக் கல்லூரி மொட்டை மாடிக்கு ரொட்டேட்டர் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். சாட்டிலைட் வானத்தில் நகர நகர, மோட்டார் வைத்து ஆன்டெனாவைத் தானாகவே அதன் பக்கம் திருப்பும் கருவி அது. செய்தவள் என் லேப் ஜூனியர் மெர்சி. அதுவரை அந்த வேலை என்னுடையது. மீன்முள் மாதிரி இருக்கும் யாகி ஆன்டெனாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, சிக்னலைக் காதால் தேடித் தேடித் திருப்புவேன். பக்கத்தில் இன்னொருவர் சாட்டிலைட் வழியாக வெளியூர் ஹாம் ரேடியோக்காரர்களோடு மைக்கில் பேசுவார். "எங்க ஆன்டெனாக்காரரு" என்று பிரின்சிபால் விருந்தினருக்கு என்னைத்தான் காட்டுவார்.

இப்போது அவளைக் காட்டினார். "எல்லாம் மோட்டாரே பாத்துக்குமாம். நீங்க இனிமே ஒக்காருங்க" என்றார். உட்காரவா நான் வேலைக்கு வந்தேன்?

டெமோவுக்கு மாணவர்கள் கூடியிருந்தார்கள். அன்று சாட்டிலைட் மேற்கே விழுப்புரம் பக்கம் ஏறி, கோரிமேட்டைத் தாண்டி, வடக்கைக் கடந்து, கிழக்கே கடல் பக்கம் இறங்கும். எனக்கு உள்ளூர ஒரே குஷி. ரொட்டேட்டர் வடக்கைத் தாண்டித் திரும்பாது. அங்கே ஒரு தடை உண்டு. முட்டிக்கொண்டு, முழுச் சுற்று பின்னால் சுற்றித்தான் வரவேண்டும். அதற்குள் சிக்னல் போய்விடும். மாட்டினியா மகளே என்று என் பழைய யாகியைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

நேரம் வந்ததும் மோட்டார் மேற்கே போகாமல் கடலைப் பார்த்துத் திரும்பியது!

"என்னம்மா, சாட்டிலைட்டு விழுப்புரத்துல வருது, உன் மிஷினு பீச்சுக்குப் போவுது?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"இருங்கண்ணே" என்றாள் மெர்சி. ஆன்டெனா தலைக்கு மேலே எழும்பி, அப்படியே பின்பக்கம் சாய்ந்து விழுப்புரத்தைப் பார்த்து மல்லாந்தது. ஸ்பீக்கரில் சாட்டிலைட் வழியாக யாரோ பேசும் குரல் கணீரென்று வந்தது. "இப்பிடிப் படுக்க வெச்சா அடிப்பாகம் தெக்கால சுத்திக்கும். வடக்குத் தடை குறுக்கவே வராதுண்ணே" என்றாள் மெர்சி.

அதையும் யோசித்து வைத்திருக்கிறாள், பாவி!

"கை சும்மாதான இருக்கு, நீங்க பேசுங்கண்ணே" என்று மைக்கை நீட்டினாள். லைசென்ஸ் இருந்தும் சாட்டிலைட் வழியாக நான் பேசியதே இல்லை; கை ஒழிந்தால்தானே. எங்கள் நிலையத்தின் அடையாளப் பெயரான கால்சைனைச் சொன்னேன். வழக்கமாக எங்களோடு பேசும் மதுரை நண்பர் பதில் கொடுத்தார்.

"பாண்டிச்சேரி, இன்னிக்கு ஆன்டெனா யாரு பிடிச்சிருக்கா? சிக்னல் ஆடவே இல்லையே! எப்பவும் விட்டு விட்டுல்ல வரும்?"

பிரின்சிபால், மாணவர்கள், மெர்சி எல்லோரும் என்னையே பார்த்தார்கள். புதுக் கேபிள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மைக் பட்டனை அழுத்தினேன்.

"மெர்சி" என்றேன். "எங்க லேப் மெர்சி. மோட்டார் வெச்சுப் பண்ணியிருக்காங்க."

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். பொறாமை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். யார் செய்த வேலையோ அவர் பேரை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். சொன்னதும் மனசு குளிர்ந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்குக் குளிரவில்லை.