கடைசி முளையில் நான்

எனக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் ஒரு வண்டிப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். பைத்தியம் என் கணவர். கோயமுத்தூர்க்காரர். பிழைக்க வந்த மராட்டி ஊரில், பிம்ப்ரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாரம் முழுக்கக் கியர்ப் பற்களோடு மல்லுக்கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டு வாசலில் அதே வேலையை இலவசமாகச் செய்வார்.

ராணுவம் கழித்துவிட்ட டீசல் ஜீப் அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏலத்தில் எடுத்து, நாங்கள் குடியிருந்த வானவடிக்கு ஓட்டி வந்தார். கான்வாஸ் கூரை. மழை பெய்தால் வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. கேம்ப் பகுதியில் நான் வேலை பார்த்த வங்கி வாசலில் அதிலிருந்து இறங்கும்போது புடவைக் கரையில் கிரீஸ் இருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வாள், தோழிகள் பார்த்துவிடக் கூடாதாம். நாலு கதவும் மூடுகிற ஒரு கார் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்நாளில் வேறு ஆசையே கிடையாது.

"கார்ல என்ன இருக்குது அம்மிணி? இழுக்குமா அது?" என்பார்.

"என்னத்த இழுக்கணும்? நம்ம மூணு பேரு, ஒரு காய்கறிப் பை!"

இழுப்பதற்கென்றே இருந்தது ஒரு போட்டி. தசரா முடிந்து வருகிற ஞாயிறு, கோந்த்வாவைத் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் டீசல் ஜீப்காரர்கள் கூடுவார்கள். உழுத வயலைச் சமன்செய்யப் பரம்படிக்கிற பலகை தெரியுமல்லவா, அதைப் போலப் பெரிதாக, அடியில் இரும்புத் தகடு அடித்த ஒரு பலகை. அதைச் சங்கிலியால் ஜீப்பின் பின்னால் கட்டுவார்கள். ஓடுபாதை நெடுக மர முளைகள் அடித்து நட்டிருக்கும். ஒவ்வொரு முளைக்கும் ஓர் ஆள். பலகை தன்னைக் கடக்கும்போது அவர் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். போகப்போகப் பாரம் கூடிக்கொண்டே போகும். கடைசி முளையையும் தாண்டி, ஒரு வேப்பமரத்துக்கு நேரே சுண்ணாம்பால் போட்ட கோட்டைப் பலகை தொட்டுவிட்டால் ஜெயம்.

நடுவர் எங்கள் காலனியில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார். மராட்டிக்காரர், மீசையைப் போலவே சட்டமும் முறுக்கு. கியர் பெட்டி வண்டியோடு வந்ததாகவே இருக்க வேண்டும், உள்ளே பல்லை மாற்றக் கூடாது. நாலு சக்கரத்தையும் ஓட விடலாம், வேகம் குறைத்துப் பலம் கூட்டுகிற ‘லோ’ லிவரையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கியரில் கிளம்புகிறாயோ அதே கியரில்தான் முடிக்க வேண்டும். கொடி விழுமுன் சுபேதாரே வந்து கியர் லிவரை ஒரு மஞ்சள் நூலால் சீட்டோடு கட்டுவார். நூல் அறுந்தால் ஆட்டம் காலி.

இன்னொரு வழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது. மற்ற முளைகளில் எல்லா வண்டிக்கும் அதே ஆட்கள் நிற்பார்கள். கடைசி முளையில் மட்டும் ஓட்டுகிறவரின் வீட்டு ஆள் நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் கூடாது. ‘தோற்றால் சண்டை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்’ என்பது சுபேதாரின் தத்துவம். ஆக வருடா வருடம் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். ஒரு வருடமாவது பலகை என்னிடம் வந்து சேர்ந்ததா? இல்லை. பாதிக்கு மேல் சக்கரம் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நான் குடையை மடக்கிக்கொண்டு நடந்து வருவேன்.

அந்த வருடத் தசராவன்று மாலை, காலனியில் எல்லோரும் அங்கத்து வழக்கப்படி ஆப்டா மரத்து இலையைத் தங்கம் என்று சொல்லிக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். யாரோ இவரைச் சீண்டினார்கள், இந்த முறையாவது உங்கள் பலகை வஹினியிடம் போய்ச் சேருமா என்று. வஹினி என்றால் அங்கே அண்ணி. இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தத் தடவ கோட்டைத் தொடலைன்னா ஜீப்பை வித்துப்போட்டுக் கார் வாங்கிடறேன்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நான் விடுவேனா? "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று இந்தியில் ஒரு தரம், மராட்டியில் ஒரு தரம் சாட்சி வைத்தேன்.

போட்டியன்று காலை அவல் போஹாவைத் தட்டில் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை இல்லை. எந்தக் கியர் என்பதுதான் கவலை. எப்போதும் ‘லோ’வில் இரண்டாவது போடுவார். பலம் உண்டு, ஓட்டம் கிடையாது. பாரம் ஏறியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். மூன்றாவதில் போட்டால் பலகைக்கு ஒரு வேகம் கிடைக்கும், அந்த வேகமே முக்கால்வாசி இழுத்துவிடும். ஆனால் பாரம் மிஞ்சினால் என்ஜின் திணறி அணைந்துவிடும்.

"நீ சொல்லு அம்மிணி. ரெண்டா, மூணா?"

"என்னையா கேக்கறீங்க? நீங்க தோக்கணும்னு பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டியிருக்கேன்."

"அதுனாலதான் கேக்கறேன். மத்தவன் எனக்காகச் சொல்லுவான். நீ உள்ளதைச் சொல்லுவே."

தினமும் அந்த ஓட்டை வண்டியில் உட்கார்ந்து கேம்ப்புக்குப் போய் வருகிறவள் நான். ஒவ்வொரு மேட்டிலும் இவர் இரண்டாவதை விடாமல் பிடித்துக்கொண்டு வண்டியை அலற விடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். வாய் சும்மா இருக்கிறதா? "மூணுல போடுங்க. எப்பப் பாரு ரெண்டு, ரெண்டுன்னு அதைப் போட்டுக் கொல்றீங்க" என்றேன்.

அவர் போஹாவை ஒரே மூச்சில் சாப்பிட்டு முடித்தார்.

கொடி விழுந்தது. பானெட்டில் சாமந்தி மாலை ஆட ஜீப் குதித்துக் கிளம்பியது. முதல் முளை, இரண்டாவது, பாதி தூரம், குழி விழுகிற அந்தப் பாழாய்ப்போன இடம் எல்லாவற்றையும் தாண்டிப் பலகை வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். கரும்புகை. என் கார் போகிறதே என்று ஒரு மனம், அட, வருகிறாரே மனுஷன் என்று ஒரு மனம்.

நான் ஏறாவிட்டால் இழுத்தது செல்லாது. சும்மா நின்றாலே போதும், கார் எனக்கு.

"வஹினி, சடா! சடா!" ஏறுங்கள் என்று பலகையிலிருந்து எல்லோரும் கை நீட்டினார்கள். குடையைத் தூக்கி எறிந்தேன். புடவையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தாவினேன். "போங்க! போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியது நானேதான்.

என் பாரமும் சேர்ந்ததும் என்ஜின் குரல் இறங்கியது. கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. பலகையின் நுனிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே என் கை நீளம்கூட இருக்காது. மஞ்சள் நூல் அறாமல் அப்படியே இருந்தது.

இவர் இறங்கி வந்தார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன். அப்படி ஓர் ஆத்திரம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை, யார் மீது என்றுதான் தெரியவில்லை. என் கையைப் பிடித்துப் பலகையிலிருந்து இறக்கிவிட்டு, "நல்லாச் சாப்பிடறே அம்மிணி" என்றார். சுபேதார்கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வாரமே ஜீப்பைப் பார்க்க ஓர் ஆள் வந்தார். இவர் முகத்தில் சவர நுரையோடு உள்ளே இருந்தார். வந்தவர் டயரைத் தட்டிப் பார்த்து, "கைஸா ஹை?" என்று வண்டி எப்படி என விசாரித்தார்.

"விக்கிறதுக்கில்லை" என்று இந்தியில் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நுரையோடு இவர் வந்து நின்றார். "அப்ப காரு?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மொதல்ல அதே மூணுல போட்டு அந்தக் கோட்டைத் தொடுங்க."

அடுத்த தசராவுக்குள் அந்த நிலத்தில் வேலி போட்டுவிட்டார்கள். அடுக்குமாடி வரப்போகிறது என்று அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். வேறு இடம் தேடினோம், அமையவில்லை. போட்டி அத்தோடு நின்றது. இவர் அதைப்பற்றிப் பேசவே மாட்டார். கார் பிறகு வந்தது. மகள்தான் ஓட்டினாள். ஜீப்பும் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு, என் வங்கித் தோழி கோந்த்வாவில் வீடு வாங்கிப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தாள். மகள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் ஜீப்பில் போனோம். கேட்டுக்குள் நுழைந்ததும் இவர் வண்டியை நிறுத்திவிட்டார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சிமென்ட் பாதை. அதன் கோடிக்குச் சற்று முன்னால், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், வெட்டாமல் விட்டிருந்தார்கள், எங்கள் கோட்டுக்கு நேரே நின்ற அந்த வேப்பமரத்தை.

‘லோ’ லிவரைப் போட்டார். கை கியரில் தயங்கியது.

"மூணு" என்றேன்.

வாட்ச்மேன் விசில் அடித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். வேப்பமரம் எங்களைக் கடந்து பின்னால் போயிற்று.

"தாண்டிப்போட்டோமா?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "தாண்டியாச்சு. என்னையும் ஏத்திக்கிட்டுத்தான் தாண்டியிருக்கீங்க" என்றேன்.