அம்மாவின் பொட்டு கறையல்ல

லண்டன் இல்ஃபோர்டில் ஒரு படக்கடை என் அம்மாவின் பொட்டைத் திருடிவிட்டது.

கடைக் கண்ணாடிக்குள் நிறமேற்றித் திருத்திய பழைய அமெரிக்கப் புகைப்படங்கள் இருக்கும். காருக்குப் பெட்ரோல் அடிப்பவர், கொடியில் துணி போடும் பெண்கள், ஐஸ்கிரீம் சாப்பிடும் பிள்ளைகள். எல்லோரும் புதுநிறத்தில் சிரிப்பார்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது, பேச ஆளில்லாத நான் அவர்கள் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான், செத்துப்போன அம்மாவின் ஒரேயொரு படத்தைத் திருத்தக் கொடுத்தேன். ஊரில் தனியே இருக்கும் அப்பாவுக்கு அனுப்ப.

இன்று கிடைத்தது வெளிறிய முகமும் வெறும் நெற்றியும்.

"அண்ணை, பொட்டு எங்கை?"

"கறை எண்டு கம்ப்யூட்டர் அழிச்சுப்போட்டுது தம்பி. வெள்ளைக்காரி மாதிரி வடிவா வந்திருக்கிறா, பாருமன்."

அம்மா பொட்டோடுதான் போனார். அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார்.

"பொட்டைத் திருப்பி வையுங்கோ."

கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.