மதினி முக்காட்டை எடுத்த நாள்

விருதுநகர்க் கல்யாண மண்டபத்தில், மணமேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்து, என் மதினி முக்காட்டை எடுத்தார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எழுந்து போனார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். பழைய பேய்க் கதைகளில் இருண்ட மாளிகையும் பூட்டிய அறையும் வரும்; உள்ளே முகம் சிதைந்த ஒருத்தி இருப்பாள். அவளைக் கண்டு பயப்படுவதா, அவளுக்காக அழுவதா என்று மாணவிகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது.

மதினி என் அண்ணன் மனைவி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு நண்பகலில் வெடிமருந்து சூடாக இருக்கிறது என்று முதலாளியிடமே போய்ச் சொன்னார். "சீசன் லோடு நிக்குது, போயி வேலையப் பாரு" என்று அவர் விரட்டினார். சற்று நேரத்தில் அறை வெடித்தது. மதினியின் தோழி அங்கேயே இறந்தாள். மதினி வெந்த முகத்தோடு பிழைத்தார். விசாரணையில் முதலாளி, மதினி மருந்தைக் கைதவறிக் கீழே போட்டதுதான் காரணம் என்றார். வழக்கு முடிந்தது. அதை நம்பிய தோழியின் தாய் சாகும்வரை மதினியோடு பேசவில்லை. முகம் போனதைவிட அதுதான் அவரை அரித்தது.

அந்த முதலாளியின் மகளுக்குத்தான் கல்யாணம். மதினி அழைப்பில்லாமலே போனார். துணைக்கு நானும் போனேன்.

எல்லோரும் ஒதுங்க, மணப்பெண் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். மதினியின் கருகிய கையைப் பிடித்து, "வாங்கத்தே, சாப்பிட்டீகளா?" என்றாள்.

"நான் யாருன்னு ஒங்க அய்யாட்ட கேளு தாயி."

முதலாளி ஓடி வந்தார். "ஏதோ கோட்டி புடிச்ச பொம்பளம்மா, நீ மேல போ."

"மருந்து சூடா இருக்குன்னு அன்னைக்கு நான் சொன்னேனா இல்லையா அண்ணாச்சி? அத மட்டும் சொல்லுங்க, போயிருதேன்."

நாதஸ்வரம் நின்றுவிட்டது. அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவே இல்லை. "சொன்னா," என்றார் கடைசியில். "நாந்தான் கேக்கல."

மணப்பெண் விம்மி அழுதாள். மதினி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "நீ அழாத. இது ஒனக்குக் கொண்டாந்தது இல்ல."

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணுக்காக நான் வருந்தினேன். மதினி மறுக்கவில்லை.

"நல்ல புள்ள. இனிமே அது மொகத்தப் பாத்துல்ல அதப் பெத்தவன் சோறு திங்கணும்."