அக்காவின் முகமும் என் முன்கையும்

வாழ்க்கையில் நான் முதன்முதலாக வயிறெரிந்து பொறாமைப்பட்டது ஒரு சாமத்தியவீட்டைப் பார்த்து. மற்றப் பெடியன்கள் அடுத்தவனின் சைக்கிளுக்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் பொறாமைப்பட்ட வயதில் நான் என் சொந்த அக்கா பெரியபிள்ளையானதற்குப் பொறாமைப்பட்டேன். சிரிக்க விரும்பினால் சிரிக்கலாம். அந்த நேரம் என் குடும்பமும் அதைத்தான் செய்தது.

ஜெர்மனியில் மார்க் போய் யூரோ வந்த புதிது. டுசல்டோர்ஃபின் தெற்கு விளிம்பில், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினொன்று. அவள் பெரியபிள்ளையானது முந்தின வருஷம். ஆனால் விழா மண்டபம், எங்கள் பேச்சில் ஹோல், கிடைக்கவேண்டும், லண்டன் மாமாவுக்கு லீவு கிடைக்கவேண்டும், நல்ல நாளும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரவேண்டும் என்று விழா தள்ளித் தள்ளிப் போய் அந்தக் கோடையில் வந்து நின்றது. அழைப்பிதழில் ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தார்கள். அதில் என் பெயர் எங்கும் இல்லை. திருப்பி, பின்பக்கத்திலும் பார்த்தேன்.

அக்காவுக்குச் சென்னையிலிருந்து சேலைகள் வந்தன. அட்டியல் வந்தது. ஹோலுக்குப் போக ஒரு வீதியின் நீளத்துக்கு வெள்ளைக் கார் சொல்லியிருந்தார்கள். அங்கே அவளைக் கல்யாணப் பெண் மாதிரி இருத்த ஒரு மணவறை. ஹோல் வாசலில் வைக்க அவளுடைய முகத்தை அப்பாவை விட உயரமாக அச்சடிக்கக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு தலைமயிர் வெட்டும், அரைக்கைப் பட்டு சேர்ட்டும். எனக்குக் குரல் உடைகிற நேரம் எந்த ஹோல் எடுப்பீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். மிகவும் நியாயமான கேள்வி. அம்மா அதை அப்படியே தொலைபேசியில் பெரியம்மாவுக்குச் சொல்ல, பெரியம்மா பாரிஸுக்குச் சொல்ல, அது ரொறன்ரோ வரைக்கும் போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தது. லண்டன் மாமா விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் கேட்ட முதல் வார்த்தை, “குரல் எப்பிடி மருமோன்?”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “வேணுமெண்டால் நீயே போய் இரன்ரா மணவறையில,” என்றாள். அவள் உண்மையாகவே சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. நான் உண்மையாகவே இருக்கத் தயாராக இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய மனம் முழுக்க ஒரு சுவரில் இருந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ரயில் பாதைக்குக் கீழே நடந்துபோக ஒரு சுரங்கப்பாதை உண்டு. பக்கத்து இளையோர் நிலையத்தை நடத்திய நீலத் தலைமயிர்ப் பெண் நகரசபையிடம் அனுமதி வாங்கி, அதன் சுவர்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே வரையவேண்டும். பெடியன்கள் வெளிச்சம் விழுகிற இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு, பெட்டையள் உள்ளே இருட்டுப் பக்கம் பூ வரையட்டும் என்றார்களாம். அக்கா வாசலோரச் சுவரில் முதுகைச் சாத்தி நின்றுகொண்டு, கடைசிப் பெடியனும் பசியெடுத்து வீட்டுக்குப் போகும்வரை நகரவில்லை. அந்த இடம் அவளுடையதானது. நானும் ஒரு துண்டுச் சுவர் கேட்டேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே எடுப்பதில்லை என்றார்கள். ஆக, மணவறையும் அவளுக்கு, சுவரும் அவளுக்கு. எனக்குக் கோடை விடுமுறை.

நீலத் தலைமயிர்க்காரி நிறங்களை வாளிகளில் கலந்து, மூடியில் பெயர் எழுதி வைத்திருந்தாள். ஒரு மூடியில் ‘தோல்’ என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. அக்கா திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தது கசாப்புக் கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் சொசேஜின் நிறம். “ஆரின்ர தோல்?” என்று ஜெர்மனில் கேட்டாள். அந்தப் பெண் வாளியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு தானே அந்த வாளியின் நிறத்துக்குச் சிவந்துபோனாள். மன்னிப்புக் கேட்டு, ஒரு வெறும் வாளியும் மண்ணிறமும் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் கொடுத்து, நீயே கலந்துகொள் என்று விட்டுவிட்டாள்.

அது லேசான வேலையாக இருக்கவில்லை. ஒருநாள் தோடம்பழம் மாதிரிச் செம்மஞ்சளாக வந்தது, ஒருநாள் கத்தரிக்காய் மாதிரி வந்தது. அதற்குள் வீட்டில் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். விழாவுக்கு முன் வெயில் பட்டால் முகம் கறுத்துவிடும் என்று அம்மா அக்காவை வெளியே விடவில்லை. கடலைமா, தயிர், தேசிக்காய்ப் புளி, தமிழ்க்கடையில் வாங்கிய ஏதோ ஒரு கிறீம் என்று காலையும் மாலையும் பூசினார். விழாவுக்குப் பிறகு பெடியளோடு சேர்ந்து சுவரில் கீறுகிற பழக்கமெல்லாம் இல்லை என்றும் சொல்லிவைத்தார். சுரங்கப்பாதையில் அக்காவின் இடத்தில் தலைமயிர் இருந்தது, இரண்டு கண்கள் இருந்தன, காதுகூட இருந்தது. நடுவில் வெறும் சீமெந்து. அந்தப் பக்கம் போகிற பெடியன்கள் அதற்குப் பேய் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுவரைத் திறந்துவைப்பது ஞாயிற்றுக்கிழமை. சாமத்தியவீடு அதற்கு முதல்நாள் சனி. இடையில் அக்காவுக்கு ஒரு முகம் வேண்டும். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை விடிய வூப்பர்டாலிலிருந்து மேக்கப் அக்கா வந்தா. இரண்டு தட்டுப் பெட்டியைத் திறந்தா. நான் எட்டிப் பார்த்தேன். அதே சொசேஜ் நிறம். ஜெர்மன்காரரும் எங்கட ஆட்களும் பேசிவைக்காமலே ஒத்துப்போன ஒரே விஷயத்தை அன்றுதான் கண்டேன். முகம், காது, கழுத்து, கை, விரல் நுனி வரைக்கும் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினா. அம்மா தள்ளி நின்று பார்த்துக் கண் கலங்கினார். “இப்பதான் என்ர பிள்ளைக்கு ஒரு முகம் வந்திருக்கு.”

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். மேக்கப் அக்கா இடியப்பம் சாப்பிட எழும்பியதும், கெலரில் கிடக்கிற குத்துவிளக்கை எடுத்து வாறன், பாரம், தம்பியும் வரட்டும் என்றாள். அம்மா தொலைபேசியில் பலகாரக்காரரோடு சண்டையில் இருந்தார். அந்த நேரம் வீட்டை எழுதித் தரச் சொன்னாலும் தலையாட்டியிருப்பார்.

கெலர் என்கிற நிலத்தடி அறையில் எங்கள் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் அக்கா வாளிகளை ஒளித்துவைத்திருந்தாள். விளக்கை என்னிடம் தந்துவிட்டு வாளிகளை அவள் தூக்கினாள். சைக்கிள் விடும் கதவால் வெளியே வந்தோம். கீழே விளையாட்டுக் காற்சட்டை, மேலே நெற்றிச்சுட்டியும் பூச்சடையும். பின்னால் குத்துவிளக்கைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நான். நாயோடு வந்த ஒரு ஜெர்மன் கிழவர் எங்களைப் பார்த்து, காலை வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் அறிய விரும்பாதவராகப் போய்விட்டார்.

சுவருக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு அக்கா தன் கையை நீட்டிப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“சேர்ட் கையை மடி.”

“ஏன்?”

“என்ர நிறம் இப்ப என்னட்டை இல்லை. உன்னட்டைத்தான் இருக்கு.”

எனக்கும் வரையத் தந்தால்தான் கையை நீட்டுவேன் என்று பேரம் பேசினேன். “நீதான் நிறம். நிறம் கதைக்கிறேல்லை,” என்றாள்.

கைகளில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு கலக்கத் தொடங்கினாள். ஒரு தடியால் என் முன்கையில் ஒரு கோடு இழுத்தாள். மஞ்சள் கூடிப்போனது, துடைத்தாள். இன்னொன்று இழுத்தாள், சேறு மாதிரி இருந்தது, துடைத்தாள். நான் குளிரிலும் கோபத்திலும் நின்றேன். என் கையை வைத்து அவளுக்கு முகம் செய்கிறாள், எனக்கு என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கோட்டை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். எட்டப் போய் நின்று பார்த்தாள்.

“தெரியேல்லை,” என்றாள், மெதுவாக.

சுரங்கப்பாதைக்குள் வெளிச்சம் போதாது, அதுதான் தெரியவில்லை என்று நினைத்தேன். அவள் அகலத் தூரிகையை எடுத்துச் சீமெந்தை மூடத் தொடங்கினாள். நெற்றி, கன்னம், தாடை. முடிந்ததும் வெள்ளையடித்த அக்கா நின்று மண்ணிற அக்காவைப் பார்த்தாள். சுவரில் இருந்தவளும் அவளைப் பார்த்தாள். நான் கண்டதெல்லாம் ஒன்றுதான்: ஒரே காலையில் இவளுக்கு இரண்டு முகம், எனக்கு ஒன்றுமில்லை.

லிஃப்டில் ஏறின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கையில் பெயின்ற் இருக்கிறது. ஹோலுக்குப் போடப்போகிற பட்டு சேர்ட்டோ அரைக்கை. துப்பல் தொட்டுத் தேய்த்தேன். எங்கே தேய்ப்பது என்றே தெரியவில்லை. இருக்கிற இடம் எனக்கே தெரியவில்லை என்றால் அது கை முழுக்கப் பரவிவிட்டது என்று அர்த்தம். பதற்றத்தில் என் மூளை இன்றுவரை இந்தத் தரத்தில்தான் வேலை செய்கிறது. மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

ஹோலில் எனக்கு ஒரே ஒரு வேலை. மாமா அக்காவைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போகையில் பின்னால் குஞ்சம் வைத்த குடை பிடிப்பது. வலது கையை உயர்த்தினால் உலகமே பார்க்கும் என்று அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் பிடித்தேன். குடை சரிந்தது. குஞ்சத்தில் மாமாவின் மூக்குக்கண்ணாடி கொளுவிக்கொண்டு எழும்பிப் போனது. வீடியோ ஓடுகிறதே என்று மாமா சிரித்த முகம் குலையாமல், கண் தெரியாமல், அக்காவை ஒரு கதிரை வரிசைக்குள் நடத்திக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்தக் கசெற்றைப் போட்டால், பொலிஸ்காரன் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிய ஒரு பெடியனும், காற்றில் மிதக்கும் ஒரு மூக்குக்கண்ணாடியும் தெரியும்.

அம்மா என்னை மணவறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். “கையில என்னடா? காட்டு.”

விளக்கு, கெலர், வாளி, சுவர் எல்லாம் ஒன்றாக என் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அம்மா அறிந்தால், ஆளை அனுப்பி அந்த முகத்தை அழிப்பித்துவிட்டுத்தான் ஆராத்தி எடுப்பார். அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். அந்த உறுதியோடு என் வாயிலிருந்து வந்த முதல் வசனம், “அது அக்காதான் பூசினவ.”

அம்மா என் கையை மணவறை வெளிச்சத்தில் பிடித்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார்.

“என்னத்தைப் பூசினவ? உன்ர நிறமே இதுதான்.”

அம்மா என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, வீடியோவில் விழப்போற பிள்ளை என்று மேக்கப் அக்காவின் பஞ்சை எடுத்து என் கன்னத்திலும் ஒற்றினார். கடைசியில் எனக்கும்! நான் தாடையை உயர்த்திக் கொடுத்தேன். கழுத்துக்கும் பூசச் சொன்னேன்.

மறுநாள் அக்கா முகத்தைக் கழுவி, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, சுவர் திறப்புக்குக் கட்டாயம் பெற்றோர் வரவேண்டும் என்றாள். ஜெர்மனியில் கட்டாயம் என்றால் அப்பா கேள்வி கேட்பதில்லை. அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். சுரங்கப்பாதை வாசலில் அந்த முகத்தைக் கண்டு நின்றார்.

“ஆரின்ர பிள்ளையோ,” என்றார். “கறுப்பெண்டாலும் களையா இருக்கிறாள்.”

அப்பா சுவரைப் பார்த்தார், திரும்பி அக்காவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

“உம்மட பிள்ளைதான்,” என்றார்.

அம்மா கிட்டப் போய் அந்தக் கன்னத்துக்கு நேரே கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினார். “காய்ஞ்சிட்டுதோ?” என்று அக்காவிடம் கேட்டார். அக்கா, ஓம் என்றாள். அம்மா தொட்டார்.

அந்தச் சுவரில் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கீறிவிட்டார்கள். அக்காவுக்கு அதில் கவலையில்லை, சுவர் என்றால் அப்படித்தான் என்பாள். ஊரடங்கு என்னவோ அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போடப்படவில்லை. சாமத்தியவீட்டு அல்பம் அம்மாவின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. அதில் வெள்ளையாக நிற்பவளைப் பார்த்து என் மகள், இந்த அன்ரி யார் என்று கேட்கிறாள்.

ஆனால் அன்று எல்லாரும் அக்காவைச் சுற்றி நின்றார்கள். நீலத் தலைமயிர்க்காரி கைகுலுக்கினாள், பேய் என்ற பெடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது நான் முண்டியடித்துச் சுவரோடு ஒட்டி நின்று, சேர்ட் கையை மடித்து, என் முன்கையை அந்தப் பெரிய கன்னத்தின் மேல் நீட்டி வைத்தேன். இதில் என் பங்கும் இருக்கிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் அல்லவா.

படம் கழுவி வந்தபோது அழுதேன். அம்மாவுக்குக் கை இருந்தது, அப்பாவுக்குக் கை இருந்தது, அக்காவுக்கு இரண்டும் இருந்தன. எனக்கு மட்டும் வலது சேர்ட் கையோடு எல்லாம் முடிந்துபோயிருந்தது. மிச்சமெல்லாம் அவளுடைய கன்னம். முகத்தையும் எடுத்து, கையையும் எடுத்துவிட்டாள் என்று சத்தம் போட்டேன்.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். “இருக்குதடா. வடிவாப் பார்.”

நான் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.